வீரம்மாவின் கேள்விக்கு வாய்மொழிப் பதில்

பிரிக்பீல்ட்ஸ்,
நவம்பர் 25, செவ்வாய்

அருமை மருமகள் ஷாமினிக்கு,

மாமா வேலாயுதம் எழுதிக்கொள்வது. நலம். முழங்கால் மட்டும் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டது.

இப்போது சொல்லப்போகும் கதையை யாரும் நம்பமாட்டார்கள் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன். இன்று காலை நம் மக்களவையில் ஒரு கேள்விக்கு, கேட்ட அதே கேள்விக்கு, பதில் வந்தது! தொலைக்காட்சி முன்னால் இருந்தவன் நாற்காலியோடு சாய்ந்துவிட்டேன். கீழ்வீட்டுச் சீனர் ஓடிவந்து, "அங்கிள், ஆம்புலன்ஸ் கூப்பிடவா?" என்றார். "வேண்டாம்லா, ஜனநாயகம்" என்றேன்.

ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதலாய், ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிவிலும் ஞாயிறு பத்திரிகைக்கு நான் அரைப்பக்கம் எழுதுவது உனக்குத் தெரியும். யார் பேசினார், யார் தூங்கினார், யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று. இந்த முறை கணக்கு மலைக்க வைக்கிறது. சபாநாயகர் "டுடுக், டுடுக்" என்று உட்காரச் சொன்னது நாலாயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு தடவை. உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஏற்கெனவே தூக்கத்தில் இருந்தார். இன்னொரு மாண்புமிகு பட்ஜெட் பற்றிப் பேச எழுந்தபோது நான் உளுந்து ஊறப்போட்டேன். அவர் முடித்தபோது தோசை சுட்டு, தின்று, செரித்தும் விட்டது.

சிரிப்பு போதும். உன் அம்மா காப்பாரிலிருந்து தினமும் பத்தரைக்குப் போன் போடுகிறாள். "தம்பி, என் கேள்வி வந்துச்சா?" அறுபதைத் தாண்டியும், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டையோடு காத்திருப்பவர்களின் குடியுரிமை மனு என்ன ஆயிற்று என்று நீ வேலை பார்க்கும் எம்.பி., அந்த வை.பி. அம்மா, கேட்கப்போகிறாரே, அது நாட்டின் கேள்வி என்று அக்காவுக்கு யார் சொல்வது? அவளைப் பொறுத்தவரை அது அவள் கேள்வி. நான் கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தேன், கையில் காகிதம் இருந்தது. அவள் கேரி தீவுத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தாள், காகிதம் இல்லை. அதே அப்பா, அதே அம்மா. நான் பத்துத் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டேன். அவள் அறுபத்தெட்டு வயதில் என் விரல் மையைப் பார்த்து, "வலிக்குமாடா?" என்று கேட்கிறாள்.

வை.பி.யின் ஆய்வு அதிகாரி என்றால் மாமாவின் போனை எடுக்கக்கூடாது என்று சட்டமா? நாலு தடவை அழைத்தேன். அதனால்தான் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன்.

வழி மேல் விழி வைத்திருக்கும்,
மாமா


நாடாளுமன்றக் கட்டடம்,
நவம்பர் 27, வியாழன்

அன்புள்ள மாமா,

மன்னிச்சிடுங்க. இங்கே நின்னு பசியாறக்கூட நேரமில்லை. இந்தக் கடிதத்தையே மூணு இடத்துல உட்கார்ந்து எழுதறேன். சரியாச் சொன்னா, நின்னு.

நல்ல செய்தி. நம்ம கேள்வி வர்ற செவ்வாய், டிசம்பர் 2, வரிசை எண் ஒன்பது. வழக்கமா கேள்வி நேரம் முடியறதுக்குள்ள பத்து, பன்னிரண்டு வரைக்கும் போகும். முறை வராத கேள்விக்கு எழுத்துல பதில் வரும், ஆனா வாய்மொழியா வந்தாத்தான் வை.பி. எழுந்து துணைக்கேள்வி கேட்க முடியும். ஒன்பதுக்கு முன்னாடி யாரும் நீளமா பேசக்கூடாதுன்னு நான் எல்லாச் சாமியையும் கும்பிட்டுட்டு இருக்கேன்.

தொகுதியில காத்திருக்கிறவங்க பெயர்ப்பட்டியலையும் வை.பி. கேள்வியோட அனுப்பியிருக்காங்க. அம்மா பேரும் இருக்கு. இப்ப எனக்கு உங்க உதவி வேணும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி அம்மா கொடுத்த மனுவோட பிரதி எங்க? அம்மாவைக் கேட்டா, "மாமாவைக் கேளு, மனுப் பாரம் எழுதினது, அப்புறம் ஆபீஸ்லேருந்து வந்த கடிதத்தைப் படிச்சுச் சொன்னது எல்லாம் அவன்தான்"னு சொல்றாங்க. அந்தக் கடிதத்துல என்ன இருந்துச்சு மாமா? நான் அப்ப மூணாம் படிவம். எதுவும் ஞாபகம் இல்லை.

அம்மா பேரைப் பத்திரிகையில போட்டுடாதீங்க. உங்க கையைப் பத்தி எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ஷாமினி


பிரிக்பீல்ட்ஸ்,
நவம்பர் 29, சனி

அருமை மருமகளே,

பாரம் எழுதியது நானா? அக்காவுக்கு ஞாபகமறதி. எழுதியவர் நாகையா. பதிவு அலுவலகத்துக்கு எதிரே மரத்தடியில் மேசை போட்டிருந்தாரே, அவர்! நாலு தங்கப்பல், காதுக்குப் பின்னால் ஏழு பேனா. அவர் மலாய் எழுதினால் மலாய்க்காரர்களே அகராதி தேடுவார்கள். அன்றைக்குத் தோட்டத்து ஆட்கள் வரிசையில் நிற்க, பதினேழு நிமிடத்தில் பதினேழு பாரம். பேனா புகைய ஆரம்பித்ததும் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்தார். நான் சும்மா பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிரதி வெள்ளத்தில் போய்விட்டது. கிள்ளான் ஆற்றில் அது மிதந்து போனதை நானே பார்த்தேன். பாலத்தடியில் ஒரு முதலை வாயால் பிடித்து, ஆறாம் பக்கம் வரை படித்துவிட்டு, கையெழுத்து நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத்தான் விட்டது.

கடிதமா? பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தார்கள். அவ்வளவுதான். வேறென்ன எழுதப்போகிறார்கள்.

ஷாமினி, செவ்வாய்க்கிழமை எண் ஒன்பது நிச்சயம் வருமா? அந்தப் பெயர்ப்பட்டியலுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வார்களா, மொத்தமாகவா? சும்மா கேட்கிறேன். கட்டுரை மூன்று நாளாய் ஒரு வரி நகரவில்லை. தலைப்பை மட்டும் ஒன்பது தடவை மாற்றிவிட்டேன். எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், சபாநாயகர் என்னையே அதட்டுகிற மாதிரி இருக்கிறது.

அக்காவிடம் இதையெல்லாம் கேட்டுத் தொந்தரவு செய்யாதே.

மாமா


காப்பார்,
டிசம்பர் 3, புதன்

மாமா,

நேத்து டி.வி. பார்த்திருப்பீங்க. எட்டாவது கேள்வி ஒரு பாலத்தைப் பத்தி. அமைச்சர் அந்தப் பாலத்து ஒவ்வொரு தூணுக்கும் தனித்தனியா பதில் சொன்னார். அதுக்கு மூணு துணைக்கேள்வி. கேள்வி நேரம் முடிஞ்சுது. எழுந்து நின்ன வை.பி. அப்படியே உட்கார்ந்துட்டாங்க. அம்மா போன்ல, "எட்டு முடிஞ்சா ஒன்பதுதானே? அதுக்குள்ள எங்க போறாங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

சாயங்காலம் எழுத்துப் பதில் வந்துச்சு. பட்டியலுக்குத் தனித்தனியாத்தான். அம்மா பேருக்கு நேரா ஒரே வரி: பரிசீலனையில் மனு ஏதும் இல்லை, முந்தைய மனு திருத்தத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது.

திருப்பி அனுப்பி பன்னிரண்டு வருஷம், மாமா. இல்லாத மனுவுக்காக அம்மா பன்னிரண்டு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க.

இன்னைக்கு லீவு போட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா மைலோ டின்னுலேருந்து அந்தக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தாங்க. பத்திரமா வெச்சிருந்தாங்க. அதுல பொறுமைங்கிற வார்த்தையே இல்லை. பெயர் அடையாள அட்டையோட பொருந்தலை, திருத்தி மறுபடியும் அனுப்புங்கன்னு இருக்கு. பாரமும் கூடவே இருக்கு, வெள்ளத்துக்கும் போகலை, முதலைக்கும் போகலை. வீரம்மா a/l சின்னசாமி. அந்த a/l-ஐச் சுத்தி பென்சில்ல வட்டம். a/p இருக்க வேண்டிய இடத்துல a/l. சின்னசாமியோட மகள் இல்லை, மகன்.

அழகான கையெழுத்து. என் பள்ளிக்கூடப் பாரமெல்லாம்கூட நாகையாதான் எழுதியிருக்கார் போல.

புது மனுவோட, பழைய பாரத்துல பிழை எப்படி வந்துச்சுன்னு எழுதினவரே சத்தியப் பிரமாணம் கொடுத்தா குழப்பம் தீரும்னு கவுண்டர்ல சொல்றாங்க. இல்லைன்னா பிறந்த இடத்து சாட்சியிலேருந்து எல்லாத்தையும் மறுபடியும் தேடணும். அம்மாவுக்குத் தெரிஞ்ச சாட்சிங்க யாரும் இப்ப உயிரோட இல்லை. அதனால நாகையாவைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க.

"என்னம்மா எழுதியிருக்கு?"ன்னு அம்மா பக்கத்துல வந்து நின்னாங்க. கண்ணாடி கொண்டு வரலைன்னு சொன்னேன். கண்ணாடி என் மூக்கு மேலயே இருந்துச்சு. எனக்குப் பொய் சொல்ல வரலை மாமா. நான் சொல்றதா, நீங்க சொல்றீங்களா? சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்.

ஷாமினி


பிரிக்பீல்ட்ஸ்,
டிசம்பர் 6, சனி

ஷாமினிக்கு,

கூட்டத்தொடர் வியாழக்கிழமை முடிந்தது. அன்றைக்கே கட்டுரையை முடிக்க உட்கார்ந்தேன். ஓர் அமைச்சருக்கு, "கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஊரைச் சுற்றுகிறார், பத்துக்கு இரண்டு" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பத்திரிகைக்கு இந்த முறை மதிப்பெண் பட்டியல் போகாது. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

நாகையா என்று யாரும் இல்லை.

அன்றைக்குப் பதினேழு பாரம் எழுதியது நான்தான். கிராணி என்று எல்லோரும் கும்பிட்டு நின்றார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்காவின் பாரம் கடைசி. அப்பா பெயர் வந்ததும் கை தானாக ஓடிவிட்டது. சின்னசாமி என்ற பெயருக்கு முன்னால் நான் பிறந்தது முதல் எழுதிய எழுத்து அது ஒன்றுதானே, a/l. திருப்பி அனுப்பிய கடிதம் வந்த அன்றைக்கே எனக்குப் புரிந்தது. "என்னடா எழுதியிருக்கு?" என்று அக்கா வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொறுமையாக இருக்கச் சொல்கிறார்கள் என்றேன். மறுவாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். வாரம் வருஷமாகி, பிறகு சொல்ல வாய் வரவில்லை.

நேற்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். நான் பேனாவை எடுத்ததும் மோனோரெயில் பாதி வழியில் நின்று, பயணிகள் எல்லாம் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். ஆணையர் எழுந்து நின்று, "நாற்பது வருஷத்தில் இப்படி ஓர் உண்மையை நான் பார்த்ததில்லை" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கிருந்து நேரே காப்பார். உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் போட்ட சத்தத்தில் மின்நிலையப் புகைபோக்கியே ஒரு முழம் சாய்ந்தது. அம்மிக்குழவி பறந்து வந்து என் காதோரம் போய், கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன் படகில் விழுந்தது. பிறகு நாற்பது வகைக் கறியோடு சாப்பாடு போட்டு, "என் தம்பி அல்லவா, மன்னித்தேன்" என்று ஊரைக் கூட்டி அறிவித்தாள்.

மருமகளே, இதில் மோனோரெயில் நிற்கவில்லை. ஆணையர் தலையே நிமிரவில்லை, முத்திரை குத்திவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள், கடைசித் துணி வரை மடித்து அடுக்கினாள். சாப்பாடும் இல்லை, தண்ணீர் மட்டும் கொடுத்தாள். பிறகு நீ வைத்துவிட்டுப் போன புதுப் பாரத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். எழுதினேன். அப்பா பெயருக்கு முன்னால் வந்ததும் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மிச்சத்தை நீ எழுது. அதை நான் எழுதறேன். எப்படிடா போடணும்?"

வெறும் விரலால் மேசையில் எழுதிக் காட்டினேன். கட்டத்துக்கு வெளியே போகிற அளவு பெரிதாக, a/p என்று எழுதினாள். இதில் நான் கூட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மாமா