பெயர் வெட்டிய சொம்பு

அன்புள்ள அஞ்சலாட்சிக்கு,

உனக்கு உடம்பு தேவலையா? பாப்பா பால் குடிக்கிறாளா? பச்சை உடம்போடு குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. அத்தையைக் கேட்டதாகச் சொல்.

இங்கே நம் குடிசைகளை எல்லாம் இடித்துவிட்டார்கள். போனில் சொல்ல வாய் வரவில்லை. பயப்படாதே, வேலை பார்க்கும் ஃபிளாட்டின் மோட்டார் ரூமில் யாருக்கும் தெரியாமல் படுத்துக்கொள்கிறேன்.

ஒரு வேடிக்கை கேள். அந்த ஃபிளாட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குகிறார்கள், ஏரியாவுக்குச் சேவையாம். இந்த வாரம் நம் குடிசைகளை இடித்த இடத்துக்கு ஓடினார்கள். அங்கே காவலுக்குப் போட்டிருக்கும் வாட்ச்மேன் நம்மை விரட்டுகிறான், அவர்களை உள்ளே விடுகிறானே என்று நானும் அவர்கள் எல்லோரும் போடும் பனியனில் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். மண்ணைக் கிளறினால் உன் சீர் சொம்பு! நசுங்கிக் கிடந்தது, அதில் வெட்டிய உன் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. கூட ஓடிய பெண் குப்பைச் சாக்கை விரித்துப் பிடித்து, “க்யா லிக்கா ஹை, பையா?” என்று அந்த எழுத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது அண்ணா என்று இந்தியில் கேட்டாள். நம்முடையது என்று சொன்னால் நான் வீடில்லாதவன் என்று தெரிந்துவிடும். மோட்டார் ரூமும் போகும், வேலையும் போகும். “குச் நஹி”, ஒன்றுமில்லை என்று சொல்லிச் சாக்கில் போட்டுவிட்டேன். “ஷாபாஷ்” என்றாள்.

நான் இடம் பார்க்கும்வரை டிக்கெட் எடுக்காதே. எங்கே போய்ப் பார்ப்பேன், அஞ்சலாட்சி?

மோட்டார் போட ஆள் வருகிறான், நிறுத்துகிறேன். வரும்போது ஒரு சொம்பு எடுத்து வா. பெயர் வெட்ட வேண்டாம்.

உன்
செல்லக்கண்ணு