பொட்டு வைத்தவளுக்கே மெஷின்

ஏட்டி,

இன்று நம் பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை. குழைத்த சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்த மேனேஜர், கூடவே ஒரு குண்டையும் போட்டார். "அக்கா, திங்கக்கிழமையிலிருந்து மூணாவது தையல் லைனுக்கு நீங்கதான் சூப்பர்வைசர். முடியுமாங்க? சாயங்காலம் சொல்லுங்க." சந்தன வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். செத்த பிறகும் வேளை பார்த்துத்தான் வருகிறாய்.

நாம் இருவருமே தாலி கட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்தவர்கள். நான் தூத்துக்குடிப் பக்கம். கணக்கில் பட்டம் வாங்கிய அறிவாளி. நீ ஒடிசாவில் பாவாடை, சட்டை தைத்துக்கொண்டிருந்தவள். இந்த ஊர் லாரி டிரைவரைக் கட்டி வந்தாய். உனக்கு என்ன வேலை தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. ஆளுக்கொரு கத்தரியைக் கொடுத்து, பனியனில் நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்தார்கள். நான் ஊர்வம்பு பேசியே காலத்தை ஓட்டினேன். நீ கொங்குத் தமிழ் கற்றுக்கொண்டு, தெருநாயைக்கூட "போங்க, போங்க" என்று மரியாதையாக விரட்டினாய்.

அப்போதும் ஓர் ஆயுத பூஜை. டெய்லர்கள் அவரவர் மெஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். நாம் கத்தரிக்கு வைத்தோம். ஊருக்குப் போய்த் திரும்பாத ஒரு டெய்லரின் மெஷின் மட்டும் வெறும் நெற்றியோடு நின்றது. "பாவமுங்க அக்கா" என்று நீ போய் அதற்குச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்துவிட்டாய். பொட்டு வைத்தவர்தான் அந்த மெஷினில் உட்கார வேண்டும் என்பது நம் கம்பெனியில் எழுதாத சட்டம். அது உனக்குத் தெரியாது என்று அன்று நம்பினேன். இப்போது சந்தேகமாக இருக்கிறது.

தையல் மாஸ்டர் வந்தார். "ஏனுங் அம்மணி, இதுக்குப் பொட்டு வெச்சது ஆருங்க?"

"நாந்தானுங்க."

"அப்ப நீங்களே ஓட்டுங்க, பாப்போம்!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ என் கவலை. உன்னை வேலையை விட்டு அனுப்பினால் கூட்டாளி என்று என்னையும் அனுப்பிவிடுவார்களே! நீ உட்கார்ந்து மிதித்தாய். பவர் மெஷின் காங்கேயம் காளையாகப் பாய்ந்தது. பனியன் கையோடு உன் முந்தானையும் சேர்ந்து தைபட்டது. மாஸ்டர் தையலை இழுத்து இழுத்துப் பார்த்தார். பிரியவில்லை.

"தையல் கெட்டியாத்தானுங்க இருக்குது. லீவு முடிஞ்சு வாறப்ப முந்தானையச் சொருவிக்கிட்டு வந்து உக்காருங்க" என்றார்.

பஸ்ஸில் உன் வீரத்தைப் புகழத் திரும்பினேன். நீ உன் கையை என் கைக்குள் வைத்தாய். அது நம் நிறுத்தம் வரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது.

இன்று மத்தியானம் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "வீட்டுல ரெண்டு பேரையே உன்னால மேய்க்க முடியல, அங்க ஒரு லைனையே மேய்க்கப் போறியாக்கும்?" என்றார். நியாயமான கேள்விதான். அந்த லைனில் பாதிப்பேர் வடக்கிலிருந்து கட்டி வந்த பிள்ளைகள். என் இந்தி "சலோ, சலோ"வோடு முடிந்துவிடும். டார்கெட்டை எட்டாவிட்டால், கத்தரியை விட்டு மேலே வந்த எனக்கு இந்த வயதில் மறுபடியும் கத்தரியா? பேக்கிங் பெண்கள் என்னைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள்? நானே பேசியிருப்பேனே!

சாயங்காலம் "முடியாதுங்க" என்று சொல்லத்தான் மேனேஜர் அறைக்குப் போனேன். கை கிடுகிடுவென்று ஆடியது. எனக்கு முன்பே பழக்கமான நடுக்கம் அது. பஸ்ஸில் அப்படி நடுங்கிய உன் கை பிற்பாடு எத்தனை வருஷம் மெஷின் ஓட்டியது என்பதும் எனக்குத்தான் தெரியும்.

"சரிங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை.