கொல்லும், கொள்ளும்

ஆடி மாதம், திங்கள்

காலையிலிருந்து சாரல். வரிகள் மலை ஏறி இறங்குகின்றன, இந்த நோட்டு பொறுத்துக்கொள்ளட்டும். கை நடுக்கம் பாதி, பழக்கம் இல்லாதது மீதி. ஆனாலும் என் எழுத்து. எழுபது வயதுக்கு மேல் கைநாட்டு ஒழிந்தது!

மாலை, பக்கத்து வீட்டு மைதீன் பாயுடன் சீட்டு. குற்றாலம் சீசன் கடையில் வாங்கிய மந்திரச் சீட்டுக்கட்டு, மந்திரச் சீட்டும் காவலன் சீட்டும் மோதும் பிள்ளைகள் விளையாட்டு. எழுத்து பெரிது, படித்துப் பழகலாம் என்று வாங்கியது. பாய்க்குக் கண்ணில் புரை. நான் வாசிப்பேன், அவர் கேட்பார்.

நாக மந்திரம் போட்டேன். 'எதிரியின் காவலனைக் கொல்லும்.' பாய் கல் காவலனை நிறுத்தினார். அந்தச் சீட்டில், 'இவனை யாரும் கொல்ல முடியாது.'

"பெறவு எப்படி வே கொல்லும்?"

"யாரும்னா ஆளு, பாய். மந்திரம் ஆளா?"

"மந்திரத்த விடுதது நீருதான? நீரு ஆளு இல்லியா?"

"நான் எங்க விட்டேன்? நாகம் விடுது."

"நாகத்துக்கு நீரு சம்பளம் குடுக்கீராக்கும்!"

முடிவாகவில்லை. சீட்டை அடுக்கும்போது பாய் சொன்னார்: "வியாழக்கிழம மவன் வாரான். சென்னையில கண்ணு ஆபரேஷன். பெறவு அங்கனயே இருக்கணுமாம்."

சரி என்றேன். இரவு தோசை.

செவ்வாய்

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கத்தரிக்காய் பாதி சொத்தை. பாய் வரவில்லை, மூட்டை கட்டுகிறார். எனக்கு எதுவும் உறுத்தவில்லை. அதுதான் ஆச்சரியம்.

புதன்

முதியோர் எழுத்து வகுப்பு. டீச்சர் பலகையில் கொல், கொள் என்று எழுதினார். "மொதச் சொல்லு உயிர எடுக்கும், தாத்தா. ரெண்டாவது ஆளயே எடுத்துக்கிடும்."

வீட்டுக்கு வந்ததும் நாக மந்திரத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ள. கொள்ளும்! இத்தனை நாளும் தப்பு. எத்தனை காவலர்களை வீணாகக் கொன்றிருக்கிறேன். தனியாகச் சிரித்தேன்.

உடனே சீட்டுக்கட்டோடு பாய் வீட்டுக்கு. மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சொன்னேன். கட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"அப்பம் கல் காவலன் சாவ மாட்டான்."

"மாட்டான். ஆனா என் பக்கம் வந்துருவான்."

"நீரு சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி." கல் காவலனைத் தடவி எடுத்து என் கையில் வைத்தார். "சாவல வே. பக்கம் மாறுதான், அவ்வளவுதான்."

வியாழன்

சாரல். கார் வந்தது. பாய் என் முகத்துக்கு வெகு அருகில் வந்து பார்த்தார்.

"அழுதீரா?"

"இல்லியே."

உண்மைதான். கல் காவலன் என் சட்டைப் பையில். மகன் கார்க் கதவைச் சாத்தினான். திரும்பி வந்து இட்லி. கொடியில் துணி காயவில்லை.

ள இப்போது நன்றாக வருகிறது. ழ தான் கோணல். 'அழு' என்று திருத்தமாக எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை அடித்துவிட்டேன், எழுத்தின் கால் வளைய மாட்டேன் என்கிறது. அடுத்த வாரம் எழுதிப் பார்க்கிறேன்.