நீலக் கேன்

தாராவி, 10 பிப்ரவரி 2025

அன்பு மகள் சஃப்ரீனுக்கு வாப்பாவின் சலாம்.

நேற்று பூனாவில் உன் லேப் வாசலில் கோட்டு போட்டு நின்றவரை ப்ரொஃபசர் என்று நினைத்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து, "என் மகளைப் பார்த்துக்கோங்க சாப்" என்று என் இந்தியில் கெஞ்சினேன். "கட்டாயம், சாச்சா" என்றுவிட்டு அவர் ஏணியில் ஏறி ஏசியைக் கழற்றினார். உம்மாவிடம் சொல்லிவிடாதே. பெருநாள் வரைக்கும் சிரிப்பாள்.

கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் செய்கிறாய் என்றாய். நம் பட்டறையில் தோலுக்குச் சாயம் ஏற்றுவது மாதிரிதான் போல. சூடு தப்பினால் நிறம் தப்பும். மாசக் கடைசிக்குள் மூன்று தடவை ஒரே நிறம் வந்தால்தானே ஜெர்மனிக்குப் படிக்க அனுப்புவார்கள்? வரும், இன்ஷா அல்லாஹ்.

வாப்பா,
அப்துல் ரவூப்

புனே, 17 பிப்ரவரி

வாப்பா, என் தமிழைப் பார்த்துச் சிரிக்காதீங்க. போன்ல பேசினா அழுதுடுவேன், அதான் எழுதுறேன்.

நிறம் வரல. போன மாசம் தேன் மாதிரி மஞ்சளா வந்தது, இப்போ பால் மாதிரி கலங்குது. சூட்டை மாத்தினேன். கலக்குற வேகத்தை மாத்தினேன். சொட்டுச் சொட்டா விட்டும் பார்த்தேன், மொத்தமா ஊத்தியும் பார்த்தேன். மருந்து அதே மருந்து. தண்ணிகூட ஜன்னல் பக்கத்து நீலக் கேன்லேருந்துதான். பாத்திரத்தை ஒழுங்கா கழுவலன்னு கூட வேலை செய்ற ஷ்ருதியைத் திட்டிட்டேன். அவ பேசுறதில்ல.

எனக்கு இது ஒத்து வராது போல. வீட்டுக்கே வந்துடவா?

சஃப்ரீன்

தாராவி, 21 பிப்ரவரி

மகளே,

அந்த நீலக் கேனை நிரப்பியது நான். அன்று லேப்பில் என்னை உட்கார வைத்துவிட்டு நீ டீ வாங்கப் போயிருந்தாய். கேன் முக்கால்வாசி காலி. பக்கத்திலேயே குழாய், திறந்தால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடுகிற சந்தில் முப்பது வருஷம் இருந்தவன் கை சும்மா இருக்குமா? கேன் மேல் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருந்தது. கம்பெனிப் பெயர் என்று விட்டுவிட்டேன். உதவி செய்த பெருமையோடு பஸ் ஏறினேன்.

ஷ்ருதியிடம் மன்னிப்புக் கேள். என் பெயரைச் சொல்லியே கேள்.

வாப்பா

புனே, 27 பிப்ரவரி

வாப்பா,

குழாய்த் தண்ணில இருக்குற உப்பு வெள்ளியோட சேர்ந்துதான் அப்படிக் கலங்கியிருக்கு. கேனைக் கழுவிட்டு, காய்ச்சி வடிச்ச தண்ணி வெச்சோம். மூணு தடவையும் தேன். ஷ்ருதி சிரிச்சு ஓய்ஞ்சு, கேன் மேல தமிழ்ல எழுதி ஒட்டச் சொன்னா: "வாப்பா, தொடாதீங்க." ஏப்ரல்ல கிளம்பணும்.

நீங்க உடனே எழுதலன்னா நான் பெட்டியைக் கட்டியிருப்பேன்.

சஃப்ரீன்

தாராவி, 3 மார்ச்

மகளே,

குளிருக்கு நம் பட்டறைத் தோலிலேயே உனக்குக் கையுறை தைக்கிறேன். விரல் அளவு அனுப்பு.

உடனே எழுதினேன் என்கிறாய். உன் கடிதம் எனக்கு 19ஆம் தேதியே வந்துவிட்டது. படித்ததுமே கேன் ஞாபகம் வந்தது. ஆனாலும் அன்றைக்கு மாடி அறையில் இருந்த தோல் கட்டுகளைக் கீழே இறக்கினேன். உன் கட்டிலைத் துடைத்தேன். புது பல்பு மாட்டினேன். மறுநாளும் எழுதவில்லை. அதற்கு மறுநாள்தான் எழுதினேன்.

நேற்று நோன்பு திறந்ததும் நீ போன் பண்ணினாய். வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

வாப்பா