சட்டைப்பையில் இருந்த சாக்லேட்

என் ராஜத்துக்கு,

நலமா என்று எழுதிவிட்டு அந்த வரியை அடித்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கைக்குப் பழகவில்லை. இதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கப்போகிறேன். நாலு பேர் படிப்பார்கள் என்று கூச்சமாகத்தான் இருக்கிறது. நீ மட்டும் எத்தனை பேர் முன்னால் பேசினாய்?

முதலில் தோட்டத்துச் சேதி. நம் லயத்து வீடுகளைச் சுற்றியிருந்த முள்கம்பி வேலியைப் போன மாதம் பிரித்துவிட்டார்கள். கேட்டில் போலீஸ் இல்லை, சோதனை இல்லை. சோறு கட்டிக்கொண்டு ரப்பர் மரம் சீவப் போகலாம். முதல் நாள் கேட்டருகே வந்ததும் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்த மாரியப்பன், "அங்க யாரும் இல்லலா அண்ணே, போங்க" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுப்பாக இருந்தது.

அவசரகாலச் சட்டம் வந்து, காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது என்றார்களே, அந்த நாட்களில் நீ துரை பங்களாவில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய். பிப்ரவரி பதினாலாம் தேதி சேலைத் தலைப்பில் முடிந்து இரண்டு சாக்லேட் கொண்டுவந்தாய். துரை தன் பெண்சாதிக்கு ஒரு பெட்டி நிறைய வாங்கித் தந்தாராம், துரைசாணி உனக்கும் கொடுத்தாளாம்.

"வெள்ளக்காரங்க இன்னிக்கு ஆசப்பட்டவங்களுக்கு சாக்லேட்டு கொடுப்பாங்களாம் மாமா. இந்தாங்க" என்றாய்.

நான் வாயில் போட்டுவிட்டு, கசக்குதே என்றேன். "முழுங்காம வச்சிருங்க, அப்புறம் இனிக்கும்" என்றாய். வைத்திருந்தேன். இனித்தது. நமக்குத் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு. புருஷனும் பெண்சாதியும் மட்டும் கொண்டாட ஒரு நாள் என்பது உனக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. வருஷா வருஷம் செய்யணும் என்று அன்றைக்கே முடிவு கட்டினாய்.

அடுத்த வருஷம் அந்த நாளில், நான் இருட்டோடு, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பும்போது, துரைசாணி கொடுத்த சாக்லேட்டில் ஒரு துண்டை எனக்குத் தெரியாமல் காகிதத்தில் சுற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டாய். மரத்தடியில் எடுத்துப் பார்த்து நான் சிரிக்க வேண்டும் என்று நினைத்திருப்பாய், இல்லையா?

கேட்டில் போலீஸ்காரன் கையில் அது அகப்பட்டது. யார் கொடுத்தது, யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று மலாயில் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதானே? ஆனால் அந்தப் பதிலைவிடக் கெட்ட பதில் அந்தக் காலத்தில் கிடையாது. லாரியில் ஏற்றி பகாவ் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்படிப் போன நம் ஆட்கள் சிலர் வருஷக்கணக்கில் திரும்பவில்லை. வசந்தா அப்போது உன் வயிற்றில் இருந்தாள். பிள்ளை முகத்தைப் பார்ப்பேனா என்று மட்டும்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சேதி கேட்டு, துவைக்கிற துணியைக் கல்லில் அப்படியே போட்டுவிட்டு ஈரச் சேலையோடு நீ வந்தாய். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி. மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஐயா. வாசல் வரை ஆட்கள்.

"நான்தாய்யா வச்சேன். அவருக்குத் தெரியாது" என்றாய்.

"ஏன் பிள்ளை வைச்சனி? காட்டுக்குள்ள ஆருக்கும் குடுக்கவோ?"

"எங்க வீட்டுக்காரரு மேல எனக்கு ஆசை. இன்னிக்கு அந்த நாளு. அதான் வச்சேன்."

கிளார்க் ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நான் எப்பிடிப் பிள்ளை இந்தத் துரைக்குச் சொல்லுறது?"

"நான் சொன்னத அப்படியே சொல்லுங்கய்யா."

சொன்னார். வாசலில் யாரோ சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ குனியவில்லை. அதிகாரி திரும்பி, சுவரில் இருந்த காலண்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பங்களாவுக்குப் போன் போட்டார். ஆமாம், நான் கொடுத்ததுதான் என்று துரைசாணி சொன்னாளாம். மத்தியானம் என்னை விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் நான், "ஊரு முழுக்கக் கேக்குற மாதிரி சொல்லிட்டியே புள்ள" என்றேன்.

"பின்ன, மெதுவா சொன்னா விட்டிருப்பாங்களா?"

பங்களா பெயர் போலீஸ் வரைக்கும் போனது துரைக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வாரமே உன்னைப் புல்வெட்டுக்கு அனுப்பினார்கள். வயிற்றுப் பிள்ளையோடு வெயிலில் நின்றாய். லயத்தில் உன்னைச் சாக்லேட்டுக்காரி என்று கூப்பிட்டார்கள். என்னவென்று கேட்டுக்கொண்டு நீயும் திரும்பிப் பார்த்தாய்.

அதற்கப்புறமும் அந்த நாளை நீ விடவில்லை. பகாவ் கடையில் வாங்கி ஒளித்து வைத்து, விடிவதற்கு முன் என்னை எழுப்பி வாயில் ஊட்டுவாய். "வாயக் கொப்பளிச்சிட்டுப் போங்க மாமா, வாசன அடிச்சாலும் புடிச்சிருவாங்க." அரைத்தூக்கத்தில் மென்றுவிட்டு ஓடுவேன். களைப்போடு தின்ற சாக்லேட் அது. ஆனாலும் கொண்டாட்டம்தான், இல்லையா ராஜம்?

போன வருஷம் பிப்ரவரியில் நீ சிரம்பான் ஆஸ்பத்திரியில் இருந்தாய். நான் வாங்கிக்கொண்டு வந்தேன். உன்னால் விழுங்க முடியவில்லை. "நீங்க தின்னுங்க, நான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாய். தின்றேன். அடுத்த மாதம் நீ இல்லை.

இந்த வருஷம் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. லுக்குட்டிலிருந்து என் அக்கா தன் வீட்டுக்காரரோடு வந்திருந்தாள். ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறாளாம். நல்ல இடம், நகை எதுவும் கேட்க மாட்டார்கள் என்றாள். பக்கத்து வீட்டு ஆட்களும் வாசலில் நின்றார்கள்.

"பொட்டப் புள்ளய வச்சிக்கிட்டு எத்தன நாளு தம்பி ஒண்டியா கெடப்ப? என்னாதான் ஒனக்குத் தடை?"

உடம்பு முடியவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவும் உண்மைதான். காலையில் மரம், மாலையில் ரப்பர் ஸ்டோர் வேலை, முதுகு நிமிரவில்லை. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவ மேல எனக்கு ஆசைக்கா" என்றேன்.

அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு உலை வைக்கப் போனாள். நீ உயிரோடு இருந்தபோது இதை உன்னிடம் இத்தனை சத்தமாகச் சொன்னதாக ஞாபகம் இல்லை. உனக்குத் தெரிந்துதான் இருந்தது, இல்லையா?

வசந்தாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. அதை என்னிடம் காட்ட விழித்திருந்து, நான் ஸ்டோரிலிருந்து வருவதற்குள் அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். பல் அவள் கையில் இருந்தது. நீ இல்லாத வீட்டுக்கு வரப் பிடிக்காமல்தான் ஸ்டோர் வேலையை ஏற்றுக்கொண்டேன். அதை விட்டுவிடுவதாகத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். இனி அவள் விழித்திருக்கும்போது வீட்டில் இருப்பேன், ராஜம். எவ்வளவு களைத்திருந்தாலும் அவள் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன். இது சத்தியம்.

உன் மாமா,
வசந்தாவின் அப்பா