மெமரி கார்டு டிரைவரும் ஏழாம் விதியும்

09.06.2025, திங்கள்

பக்ரீத் விடுமுறை முடிந்து திருமுடிவாக்கம் பட்டறைக்குச் சென்றேன். துணி வெட்டும் இயந்திரத்துக்கான எங்கள் புதிய கட்டுப்பாட்டுப் பெட்டியின் மைய மென்பொருளான கெர்னலின் அமைப்பைச் சரிபார்த்தேன். அதை அமைத்த ஸ்ம்ருதி, மெமரி கார்டை இயக்கும் நிரலான டிரைவரைக் கெர்னலுக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்திருக்கிறார். நான் வகுத்த ஏழாம் விதி தெளிவானது: டிரைவர்கள் யாவும் தனி மாட்யூல்களாக, தேவைப்படும்போது மட்டும் ஏற்றப்பட வேண்டும். மாட்யூலாக மாற்றினேன். மெமோவும் கொடுத்தேன். வெள்ளியன்று அவருடைய பணி நிரந்தரம் முடிவாகிறது. கோப்பில் மெமோ இருந்தால் ஆறு மாதம் தள்ளிப்போகும். வருத்தம்தான். ஏதோ சொல்ல வந்தார். எழுத்தில் தருமாறு கூறினேன்.

10.06.2025, செவ்வாய்

பெட்டி எழவில்லை. கார்டே தென்படவில்லை என்று கெர்னல் நின்றுவிடுகிறது. கார்டு பழுது — வேறென்ன?

முதலாளி சிட்டிபாபு எட்டிப் பார்த்தார். “இன்னா சார், பொட்டி கண்ணே தொறக்கல? வெள்ளிக்கெழம ஜெயக்கொடி சார் வாங்க வராரு.”

ஸ்ம்ருதியின் விளக்கம் உறையிலிட்டு வந்தது. விளக்கங்களை வியாழன்தோறும் பிரிப்பதே முறை. தட்டில் வைத்தேன்.

11.06.2025, புதன்

ஒன்பது கார்டுகள். எண்ணிட்டு, ஒவ்வொன்றையும் மும்முறை சோதித்து அட்டவணையிட்டேன். இருபத்தேழு தோல்விகள். அட்டவணை நேர்த்தியாக வந்திருக்கிறது.

மாலை மேற்குத் தாம்பரத்தில் கார்டுகளை விற்ற வாஜித்தின் கடைக்குப் போய் ஒன்பதையும் பரப்பினேன். அவர் ஒன்றைக் கேமராவில் செருகி என்னையே படமெடுத்துக் காட்டினார். “கார்டு நல்லாத்தான் கீது பாய். மூஞ்சிதான் பேஜாரா கீது.”

வீட்டில் மனைவி மெஹர் பானு, ஒன்பதும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா என்று கேட்டாள். துறை அறியாதவரின் ஊகம்.

12.06.2025, வியாழன்

காலை பத்து மணிக்கு முறைப்படி உறையைப் பிரித்தேன். ஒரே வரி: ‘ஐயா, கார்டைப் படிக்கும் டிரைவர் இப்போது எங்கே இருக்கிறது?’

கார்டில்.

கார்டைப் படிக்க டிரைவர் வேண்டும். டிரைவரை எடுக்கக் கார்டைப் படிக்க வேண்டும்.

யா அல்லாஹ். பழைய பெட்டிகளில் மாட்யூல்கள் உள்ளிருக்கும் மின்சுற்று போர்டிலேயே இருந்தன. விதி அவற்றுக்காக எழுதியது. இதில் கெர்னல் மட்டும்தான் போர்டில், மற்றதெல்லாம் கார்டில். இதக்கூடவா யோசிக்கல நீ? இருபத்தேழு தடவ செருகிச் செருகி எடுத்தியே —

டிரைவரைக் கெர்னலுக்குள் சேர்த்தேன். பதினோரு நொடியில் பெட்டி எழுந்தது.

“அன்னைக்கே வாயால சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன்.

“எழுத்துல கேட்டீங்களே சார்” என்றார் ஸ்ம்ருதி.

13.06.2025, வெள்ளி

ஜெயக்கொடி பெட்டியை இயக்கிப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மெமோவில் ஒரு சிக்கல். கொடுத்த மெமோவைத் திரும்பப் பெறுவதற்கு எங்கள் விதிகளில் இடமில்லை — நான்தான் எழுதினேன். உண்மையில் தவறு செய்தவர் பெயருக்கு மாற்ற மட்டுமே இயலும். அதையும் புகாருக்குள்ளானவரே செய்ய வேண்டும். ஆகவே ஸ்ம்ருதி எனக்கு மெமோ கொடுத்தார். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

நிரந்தர ஆணையில் ஒப்பமிட்டபடி சிட்டிபாபு சொன்னார்: “சாருக்கே மெமோ குட்த்த பொண்ணு. கையெழுத்து போடலன்னா என்னையும் வுடாது.”

16.06.2025, திங்கள்

இனிக் கெர்னல் அமைப்பு எதுவும் இரண்டு கையெழுத்தின்றி வெளியே போகாது. நான் அமைத்ததைக் காலையில் ஸ்ம்ருதிக்கு அனுப்பினேன். மூன்று திருத்தங்களுடன் திரும்பியது. இரண்டு சரி. மூன்றாவது புரியவில்லை. ஸ்ம்ருதியின் மேசைக்குப் போய் நின்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.