செலினியம் குப்பி

ஆற்றில் பெருவெள்ளம் வந்ததற்கு மறுவருடம், ஆடிக் கடைசி வெள்ளி.

நகம் ஏன் இப்படி உடைகிறது என்று டாக்டரம்மா கேட்டார். உண்மையைச் சொன்னேன். கால் வலிக்கிறதென்று கொழுப்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, கொழுப்புக்கு இதுவே போதும் என்று நம்பி, மகன் துபாயிலிருந்து அனுப்பிய செலினியம் சத்து மாத்திரையை நாளுக்கு மூன்று விழுங்குகிறேன். குப்பியில் இருப்பதை வாசிக்க எனக்கு ஏது இங்கிலீஷ்?

"செலினியம் குறைஞ்சா கொழுப்பு மாத்திரை வேலை செய்யுறது மாறுமான்னு இப்பந்தான் ஆராய்ச்சி நடக்கு, அண்ணாச்சி. அதுக்காவ, அந்த மாத்திரைக்குப் பதிலா இதையா திம்பாங்க? மிஞ்சினா நகம் போவும், முடி போவும்."

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த மேலப்பாளையத்துக் கூட்டாளி காதருக்கும் பாதியைக் கொடுத்து, "அந்தக் கொழுப்பு மாத்திரையத் தூரப் போடும்வே" என்றவன் நான்தான். சாயங்காலத்திலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் போக வேண்டும். ஆற்றங்கரையில் சேர்ந்து நடந்த ஐந்து பேரில், என்னை விட்டால் மிச்சம் காதர் ஒருவன்தான்.